வாயுவும் திரவமும் தாங்கும் கார்: வீட்டிலேயே கைவைக்கலாமா?

(நமது சமுதாயக் கூடத்தில் நடந்த மாதாந்திர மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். வர முடியாதவர்கள் கேட்டுக்கொண்டதால் காலாண்டு மடலில் வெளியாகிறது.)



போன கூட்டத்தில் டாக்டர் அம்மா முழங்கால் தேய்மானம் பற்றிப் பேசினார்கள். கூடம் நிரம்பி வழிந்தது. இன்று நான் பேசப்போவதும் முழங்கால் பற்றித்தான், ஆனால் காரின் முழங்கால். கூட்டம் குறைந்திருப்பதைப் பார்த்தால் நம் குடியிருப்பில் கார்களை விட முழங்கால்கள்தான் அதிகம் கெட்டுப்போயிருக்கின்றன என்று தெரிகிறது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் மெக்கானிக் இல்லை. பி.காம். படித்து, 36 வருடம் வங்கியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். லெட்ஜர், டே புக், கவுன்ட்டர், இவைதான் எனக்குத் தெரிந்த இயந்திரங்கள். ஆனால் 2023 கோடையில் ஐந்து மாதம் இங்கிலாந்தில் மகள் வீட்டில் இருந்தபோது, பக்கத்து வீட்டுப் பெரியவர் தன் பழைய காரைப் பிரித்துப் போட்டு வேலை செய்ததை நாள் தவறாமல் உட்கார்ந்து பார்த்தேன். அவருக்கு 74 வயது. அந்த ஊரில் வயதில் பெரியவரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். எனக்கு நாக்கு எழவில்லை. 'சார்' என்றே கூப்பிட்டேன். அவருக்கும் அது பிடித்துப்போயிற்று.

காரில் சஸ்பென்ஷன் என்றால் என்ன என்று எல்லோருக்கும் தெரியும். லாரியில் பிளேட் பிளேட்டாக அடுக்கியிருக்கும். நம் கார்களில் சுருள் ஸ்பிரிங்கும் அதோடு ஒரு ஷாக் அப்சார்பரும் இருக்கும். பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறினால் ஸ்பிரிங் அமுங்கும், ஷாக் அப்சார்பர் அந்த ஆட்டத்தை அடக்கும். இரும்புதான் அங்கே ஸ்பிரிங்.

இரும்புக்குப் பதில் வாயுவையே ஸ்பிரிங்காக வைத்தால் என்ன ஆகும்? சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு கைப்பிடியை அழுத்திப் பாருங்கள். முதலில் லேசாக இறங்கும். போகப் போக எதிர்க்கும். கையை விட்டால் துள்ளித் திரும்பி வரும். அவ்வளவுதான் தத்துவம். சிறு குலுக்கலுக்கு மென்மை, பெரிய பள்ளத்துக்கு விறைப்பு. ஒரு இரும்பு உருண்டைக்குள் நைட்ரஜனை அடைத்து, நடுவே ரப்பர் திரை போட்டு, திரைக்கு இந்தப் பக்கம் திரவத்தை நிரப்பி, சக்கரம் ஏறும்போது அந்தத் திரவத்தை உள்ளே தள்ள விட்டால் வாயு அமுங்கும். திரவம் போகிற வழியைக் குறுக்கி வால்வு வைத்துவிட்டால் அதுவே ஷாக் அப்சார்பர் வேலையையும் பார்க்கும்.

இதை உலகத்துக்குப் பெரிதாகக் காட்டியது பிரான்சின் சிட்ரோயன் நிறுவனம். அங்கே பால் மாஷே என்ற பொறியாளர் உருவாக்கிய ஏற்பாடு 1954-ல் டிராக்‌ஷன் அவான் காரின் ஒரு வகையில் பின்சக்கரங்களுக்கு மட்டும் வந்தது. 1955 அக்டோபரில் பாரிஸ் கண்காட்சியில் வைத்த டி.எஸ். காரில் நான்கு சக்கரங்களுக்கும் வந்துவிட்டது. என்ஜின் ஓடும்போது ஒரு பம்ப் திரவத்தை அழுத்தத்தில் வைத்திருக்கும். டிக்கியில் மூட்டை ஏற்றினால் கார் தாழும், உடனே ஒரு வால்வு திறந்து திரவம் போய் பழைய உயரத்துக்குத் தூக்கிவிடும். டயர் மாற்ற வேண்டுமா? காரையே முழு உயரத்துக்குத் தூக்கச் சொல்லி, பக்கவாட்டில் ஒரு ஸ்டாண்டு கொடுத்து, பிறகு இறங்கச் சொன்னால், கார் நிற்கும், சக்கரம் தானாக மேலே போகும். 1962 ஆகஸ்டில் பிரெஞ்சு ஜனாதிபதி டி கால் மீது பெட்டி கிளமாரில் துப்பாக்கிச் சூடு நடந்தபோது, டயர்கள் பஞ்சரான நிலையிலும் அவருடைய டி.எஸ். கார் தப்பி ஓடியது. அதற்கப்புறம் அந்தக் காருக்கு விளம்பரமே தேவைப்படவில்லை.

பக்கத்து வீட்டுப் பெரியவரின் கார் அது இல்லை. அவருடையது 1993-ல் வாங்கிய ரோவர் மெட்ரோ. நம் மாருதி ஸென் அளவுதான் இருக்கும். அதில் இருப்பது இங்கிலாந்துக்காரர் கண்டுபிடித்த இன்னொரு வகை, பெயர் ஹைட்ராகேஸ். அதைச் செய்தவர் அலெக்ஸ் மோல்ட்டன். அவருடைய ஊர் பிராட்ஃபோர்ட்-ஆன்-ஏவன், என் மகள் இருக்கும் ட்ரோபிரிட்ஜிலிருந்து பக்கத்திலேயே இருக்கிறது. பஸ்ஸில் ஏறினால் பேச்சு முடிவதற்குள் வந்துவிடும்.

மோல்ட்டன் குடும்பம் 1848 முதல் அந்த ஊரில் ரப்பர் தொழில் செய்தது. 1959-ல் வந்த புகழ்பெற்ற மினி காருக்கு ரப்பர் கூம்பையே ஸ்பிரிங்காக வைத்துக் கொடுத்தவர் இவர்தான். 1962-ல் சின்னச் சக்கர சைக்கிள் ஒன்றையும் செய்து விற்றார், அதற்கும் ரப்பர் சஸ்பென்ஷன். அதே வருடம் வந்த மோரிஸ் 1100 காரில் ஹைட்ரோலாஸ்டிக் என்ற ஏற்பாடு. அதில் வாயு இல்லை, ரப்பரும் திரவமும்தான். 1973-ல் ஆஸ்டின் அலெக்ரோ காரில் ரப்பர் ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு நைட்ரஜனை வைத்தார். அதுதான் ஹைட்ராகேஸ். சிட்ரோயன் மாதிரி பம்ப் கிடையாது, ஓடிக்கொண்டே சரிசெய்கிற வால்வும் கிடையாது. ஒருமுறை நிரப்பி மூடிவிடுவது. அதனால் மலிவு.

இதில் மோல்ட்டனின் உயிர்நாடியான யோசனை ஒன்று உண்டு. முன்சக்கரத்து உருண்டையையும் அதே பக்கத்துப் பின்சக்கரத்து உருண்டையையும் ஒரு குழாயால் இணைத்துவிடுவது. முன்சக்கரம் ஸ்பீட் பிரேக்கரில் ஏறும்போது அங்கிருந்து கொஞ்சம் திரவம் பின்னால் போய் பின்பக்கத்தையும் தூக்கும். கார் மூக்கைத் தூக்கிக்கொண்டு ஆடாமல் மட்டமாகவே மேலெழும். சின்ன கார்களில் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடைவெளி குறைவு, குதிரை மாதிரி ஆடும். அந்த ஆட்டத்துக்கு இதுதான் மருந்து.

ஆனால் 1980-ல் மெட்ரோ காரை வெளியிட்டபோது, நிறுவனம் இந்த முன்-பின் குழாயை வைக்கவில்லை. ஹைட்ராகேஸ் உருண்டைகள் இருந்தன, இணைப்பு இல்லை. மோல்ட்டனுக்கு அது பொறுக்கவில்லை. அவர் என்ன செய்தார் தெரியுமா? 1980-களின் பிற்பாதியில் ஒரு மெட்ரோ காரை எடுத்து, தன் இடத்திலேயே, தன் ஆட்களை வைத்து, முன்னையும் பின்னையும் இணைத்து ஓட்டிக்காட்டினார். கம்பெனிக்குக் கடிதம் எழுதி, பதில் வராமல் நினைவூட்டல் எழுதி, அதற்கும் பதில் வராமல் உட்கார்ந்திருக்கவில்லை. (அந்த வழியில் நான் பல வருடம் உட்கார்ந்திருக்கிறேன், அலுவலகத்தில் அதுதான் முறை.) ஓட்டிப் பார்த்தவர்கள் ஒப்புக்கொண்டார்கள். 1990-ல் வந்த புதிய ரோவர் மெட்ரோவில் அந்த இணைப்பு வந்தது. அந்தக் கார் 1991-ல் இங்கிலாந்தின் 'வாட் கார்?' பத்திரிகையின் ஆண்டின் சிறந்த கார் பரிசையும் வாங்கியது. வீட்டில் வைத்து மாற்றியமைத்த சஸ்பென்ஷன் ஒன்று தொழிற்சாலைக்குப் போய்ச் சேர்ந்தது என்றால், எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். மோல்ட்டன் 2012 டிசம்பரில் 92 வயதில் காலமானார்.

சரி, நம் பெரியவருக்கு வருவோம். அவருடைய பிரச்சினை அவர் மனைவி. தப்பாக நினைக்காதீர்கள். அந்த அம்மாவுக்கு முதுகெலும்பில் அறுவைச் சிகிச்சை ஆகியிருந்தது. வாரம் ஒருநாள் மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும். இந்தக் காரில் ஏறினால் ஒவ்வொரு மேன்ஹோல் மூடிக்கும் அவர் முகம் சுருங்கும். ஒரு காலத்தில் அந்தக் கார் படகு மாதிரி போகுமாம். முப்பது வருடத்தில் கட்டை வண்டி ஆகிவிட்டது. மகன் வேறு ஊரிலிருந்து போன் செய்து, "தூக்கிப் போடுங்கள், புதிது வாங்கிக்கொள்ளலாம்" என்கிறான். அந்த அம்மாவோ அந்தக் காரில்தான் ஐம்பதை நெருங்கும் வயதில் டிரைவிங் கற்றுக்கொண்டவர், விற்கச் சம்மதிக்க மாட்டேன் என்கிறார். வலிப்பதும் அவருக்குத்தான், விடாமல் பிடித்திருப்பதும் அவர்தான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், காரின் உயரம் சரியாக இருந்தது. சக்கரத்தின் நடுவிலிருந்து மேலே மட்கார்டு விளிம்பு வரை டேப் வைத்து அளப்பார்கள். நான்கு மூலையிலும் அளந்து பார்த்தால் புத்தகத்தில் உள்ளபடியே இருக்கிறது. பிறகு ஏன் கட்டையாகிவிட்டது?

இங்கேதான் எனக்கு உற்சாகம் வந்தது. ஏனென்றால் இது என் தொழில்.

நைட்ரஜன் ரப்பர் திரை வழியாக மிக மெதுவாகக் கசியும். வருடக்கணக்கில். வாயு குறைந்தால் கார் தாழும். தாழ்ந்த காரை ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனால், அவர்கள் பம்ப்பை மாட்டித் திரவத்தை ஏற்றி உயரத்தைச் சரிசெய்து அனுப்பிவிடுவார்கள். உயரம் வந்துவிட்டது, வாடிக்கையாளருக்கும் திருப்தி. ஆனால் உள்ளே நடந்தது என்ன? காரின் எடை மாறவில்லை. ஆகவே உருண்டைக்குள் இருக்க வேண்டிய அழுத்தமும் மாறவில்லை. வாயு பாதியாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதே அழுத்தத்தில் அது அடைத்துக்கொள்ளும் இடமும் பாதிதான். மீதி இடத்தைத் திரவம் பிடித்துக்கொண்டது. சக்கரம் ஒரு அங்குலம் ஏறினால் உள்ளே வருகிற திரவம் பழைய அளவுதான், ஆனால் அதை வாங்கிக்கொள்ள இருக்கிற வாயு பாதி. ஆகவே விறைப்பு இரண்டு மடங்கு. ஒவ்வொரு முறை உயரம் சரிசெய்யப்படும்போதும் கார் இன்னும் கொஞ்சம் கட்டையாகும்.

வங்கியில் இதற்கு எவர்கிரீனிங் என்று பெயர். கடன்காரர் வட்டி கட்டவில்லை. மார்ச் 31 நெருங்குகிறது. அவருக்கு ஒரு புதுக் கடன் கொடுத்து, அந்தப் பணத்தில் பழைய வட்டியை வரவு வைத்துவிட்டால் கணக்கு வாராக்கடன் ஆகாது. பேலன்ஸ் ஷீட்டில் உயரம் சரியாக இருக்கும். உள்ளே காற்று போய்க்கொண்டே இருக்கும். இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருகிற ஆள் டேப்பை வைத்து உயரத்தை மட்டும் அளந்தால் கண்டுபிடிக்க முடியாது. சிட்ரோயன் கார்களிலும் இதே கதைதான், இன்னும் ஒரு படி மேல். அங்கே உயரத்தைக் கார் தானாகவே சரிசெய்துகொள்வதால், உருண்டை காலியாகிக்கொண்டு வருவது சொந்தக்காரருக்கு முதுகு வழியாகத்தான் தெரியும்.

இதைப் பெரியவரிடம் நான் சொன்னபோது அவர் சிரித்துவிட்டு, "அப்படியானால் இது வாராக்கடன்" என்றார். அன்றிலிருந்து நாங்கள் இருவரும் கூட்டாளிகள். நோட்டுப் புத்தகம் என் பொறுப்பு.

அவருக்கு முன்னால் இருந்த வழிகள் மூன்று. புது உருண்டை யூனிட் வாங்குவது முதல் வழி. இப்போது செய்வதில்லை. பழையதைக் கழற்றி விற்கிறார்கள், அதிலும் அதே வயது வாயுதான் இருக்கும். இரண்டாவது, ஹைட்ராகேஸை மொத்தமாகக் கழற்றிவிட்டுச் சுருள் ஸ்பிரிங் பொருத்துவது. மோல்ட்டனின் இணைப்பு வைத்து 1995-ல் வந்த எம்.ஜி.எஃப். என்ற இரட்டை இருக்கைக் காரையே, 2002-ல் நிறுவனம் சுருள் ஸ்பிரிங்குக்கு மாற்றிவிட்டது. அதைப் பார்த்துப் பழைய கார்க்காரர்கள் பலரும் மாற்றிக்கொள்கிறார்கள். மூன்றாவது, உருண்டையின் வாயுப் பக்கத்தில் ஒரு வால்வு பொருத்தி, நைட்ரஜனை மறுபடி ஏற்றுவது. தொழிற்சாலையில் நிரப்பி நிரந்தரமாக அடைத்து அனுப்பிய உருண்டை அது. அதற்கு வாய் கிடையாது. நாம் வாய் வைக்க வேண்டும்.

சுருள் ஸ்பிரிங் வழியில் எனக்குக் கொஞ்சம் சாய்வு இருந்தது. ஒருமுறை செலவு, அதோடு முடிந்தது. ஆனால் பெரியவர் சட்டப் புத்தகம் பார்த்து வைத்திருந்தார். இங்கிலாந்தில் கார் ஒவ்வொரு வருடமும் எம்.ஓ.டி. என்ற தகுதிச் சோதனைக்குப் போக வேண்டும். 40 வருடம் தாண்டிய கார்களுக்கு 2018-லிருந்து விலக்கு உண்டு, ஆனால் கடைசி 30 வருடத்தில் பெரிய மாற்றம் எதுவும் செய்திருக்கக் கூடாது. சஸ்பென்ஷனின் வகையையே மாற்றுவது பெரிய மாற்றம் என்று வழிகாட்டு விதிகளில் எழுதியிருக்கிறார்கள். அவர் கார் 2033-ல் 40 வயதைத் தொடும். அப்போது தனக்கு 84 என்றும், அந்தச் சலுகையை விடப்போவதில்லை என்றும் சொன்னார். வாயுவை மறுபடி நிரப்புவதில் வகை மாறவில்லை, மோல்ட்டன் கொடுத்ததுதான் இருக்கிறது. எதுவானாலும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதித் தெரிவித்துவிட வேண்டும் என்பதில் நாங்கள் இருவரும் ஒரே கட்சி. தெரிவிக்காத மாற்றம் கிளெய்ம் நேரத்தில்தான் வாயைத் திறக்கும்.

மூன்றாவது வழி முடிவானது. அதோடு என் மகள் வீட்டில் சண்டையும் ஆரம்பமானது.

அந்த ஊரில் இரண்டு வீடுகளை ஒரே சுவரில் ஒட்டிக் கட்டுகிறார்கள். பெரியவரின் கராஜ் சுவருக்கு இந்தப் பக்கம் என் பேத்தி தூங்கும் அறை. நைட்ரஜன் சிலிண்டர் வாங்கி கராஜில் வைத்துக்கொள்ளப் போவதாக அவர் சொன்னதும் மாப்பிள்ளை முகம் மாறிவிட்டது. நைட்ரஜன் எரியாது, விஷம் இல்லை, நாம் மூச்சு விடும் காற்றில் பெரும்பங்கு அதுதான், எல்லாம் சரி. ஆனால் சிலிண்டருக்குள் 200 பார் அல்லது அதற்கும் மேல் அழுத்தம். நம் கார் டயரில் இருப்பது 2 பார் சொச்சம். அது விழுந்து வால்வு உடைந்தால் சிலிண்டரே ராக்கெட். மூடிய அறையில் கசிந்தால், வாசனை இல்லாமல் ஆக்சிஜனைத் தள்ளிவிட்டு ஆளை மயக்கிவிடும். அதைவிட மோசம், அந்தப் பழைய உருண்டையில் துளை போடுவது. திரவத்தை முழுக்க வடித்துவிட்டாலும் வாயுப் பக்கத்தில் மிச்ச அழுத்தம் அப்படியே இருக்கும். டிரில்லிங் மெஷினை வைக்கிற இடம் அதுதான். வெல்டிங் செய்யலாமே என்றால், உள்ளே ரப்பர் திரை இருக்கிறது, சூட்டில் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

மகள் நேரே போய் அவரிடம் பேசினாள். நான் கூடப் போகவில்லை, இரண்டு பக்கமும் வேண்டியவர்கள். அவள் சத்தம் போடவில்லை. "உங்கள் வீட்டுக்குள் நீங்கள் என்ன செய்தாலும் எனக்கு உரிமை இல்லை. ஆனால் சுவர் பொது" என்று மட்டும் சொன்னதாகச் சொன்னாள். அவர் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் வேலியருகே வந்து என்னிடம், "துளையும் வாயுவும் வெளியே, மற்றது எல்லாம் இங்கே" என்றார். அழுத்தக் கலன்களைச் சோதித்துச் சான்று கொடுக்கும் பட்டறை ஒன்றைப் பேசிவிட்டிருந்தார். செலவு கூடியது. நோட்டில் அந்த வரியை எழுதும்போது அவர் கை கொஞ்சம் நின்றது, பிறகு எழுதச் சொன்னார்.

என்னைக் கேட்டால் இந்தப் பிரிவினைதான் சரி. சஸ்பென்ஷனைக் கழற்றுவது, திரவத்தை வடிப்பது, குழாய்களைத் துருப் பார்ப்பது, மறுபடி பொருத்துவது, உயரம் சரிசெய்வது, இவற்றைப் பொறுமை உள்ள ஆள் வீட்டில் செய்யலாம். மூடிய இரும்பு உருண்டைக்கு வாய் வைப்பது வீட்டு வேலை இல்லை. யார் செய்தாலும் நைட்ரஜன் தவிர வேறு வாயு கூடாது. சாதாரணக் காற்றில் ஈரமும் ஆக்சிஜனும் இருக்கிறது, ரப்பரைத் தின்றுவிடும். வெல்டிங் கடையில் கிடைக்கிறதே என்று ஆக்சிஜனைக் கொண்டுபோய் எண்ணெய் உள்ள ஏற்பாட்டில் ஏற்றினால் வெடி. அழுத்தம் குறைக்கும் ரெகுலேட்டரும் வெல்டிங் கடையில் உள்ளது போதாது, அது பொதுவாக 10 பார் வரைதான் கொடுக்கும். இந்த வேலைக்கு அதைவிடப் பெரிய எண் வேண்டும்.

கராஜில் நடந்ததைச் சொல்கிறேன். முதலில் நான்கு மூலை உயரமும் நோட்டில் பதிவு. பிறகு காரைத் தூக்கி நான்கு ஸ்டாண்டுகளில் உட்கார வைத்தார். ஜாக்கி மட்டும் போதாது. திரவம் வெளியேறியதும் இந்தக் கார் பொத்தென்று அடிவரை உட்கார்ந்துவிடும், அந்த நேரத்தில் அடியில் கை இருக்கக் கூடாது. சிட்ரோயன் வைத்திருப்பவர்களுக்கும் இதுதான் முதல் பாடம். என்ஜினை நிறுத்தினால் கார் மெல்ல இறங்கும், தூக்கி நிறுத்தியிருக்கிறதே என்று நம்பி அடியில் படுத்தவர் படுத்தவர்தான். கண்ணாடி மாட்டிக்கொண்டு, வால்வைச் சுற்றித் துணி சுற்றி, மெதுவாகத் திறந்தார். அழுத்தத்தில் ஊசி போல் பீய்ச்சுகிற திரவம் தோலுக்குள்ளேயே போய்விடும், பார்த்தால் சின்னப் புள்ளிதான் தெரியும், உள்ளே கை அழுகும். திரவம் சோடா மாதிரி நுரைத்துக்கொண்டு வந்தது. ரப்பர் வழியாகத் தப்பி வந்த வாயு அதில் கரைந்திருக்கிறது. இடது பக்கத்துத் திரவம் ஒரு புட்டி, வலது பக்கத்துத் திரவம் ஒரு புட்டி. முன்னும் பின்னும் இணைந்திருப்பதால் ஒரு பக்கத்துக்கு ஒரே கணக்கு, ஜாயின்ட் அக்கவுன்ட் மாதிரி. மட்டத்தை மார்க்கர் பேனாவால் கோடு போட்டு வைத்தேன்.

அந்தத் திரவம் பிரேக் ஆயில் இல்லை. பெரும்பாலும் தண்ணீரும் ஆல்கஹாலும், துருப்பிடிக்காமல் இருக்கக் கொஞ்சம் மருந்தும். பக்கத்தில் சிகரெட் கூடாது. சிட்ரோயன் திரவம் முற்றிலும் வேறு. 1960-களின் நடுவில் அவர்கள் சிவப்புத் திரவத்திலிருந்து பச்சைத் தாது எண்ணெய்க்கு மாறினார்கள். சிவப்புக் காரில் பச்சையும் பச்சைக் காரில் சிவப்பும் ஊற்றினால் உள்ளே இருக்கிற ரப்பர் சீல் அத்தனையும் போய்விடும். அவசரத்துக்கு எதையாவது ஊற்றலாம் என்கிற பேச்சே இந்த ஏற்பாடுகளில் கிடையாது.

நான்கு யூனிட்டும் பட்டறைக்குப் போய், வால்வோடும் புது நைட்ரஜனோடும் திரும்பி வர மூன்று வாரம் ஆயிற்று. நான்கையும் செய்ய வேண்டும். ஒன்றை மட்டும் செய்தால் கார் ஒரு பக்கம் மெத்தை, மறுபக்கம் பலகை. வாயுவைத் திரவம் இல்லாத நிலையில் அளந்து ஏற்ற வேண்டும், திரவம் இருக்கும்போது அளந்தால் காரின் எடையைத்தான் அளப்பீர்கள். திரும்பப் பொருத்தியதும் குழாயில் உள்ள காற்றை வேக்குவம் பம்ப் வைத்து முழுக்க உறிஞ்சினார். காற்றுக் குமிழி தங்கினால் எல்லாம் வீண். பிறகு கைப்பம்ப்பால் திரவம். காரைத் தரையில் இறக்கி, அங்குமிங்கும் உருட்டி, அளந்து, மறுபடி பம்ப் அடித்து, மறுபடி அளந்து, அரைநாள் போயிற்று.

உயரம் பழைய எண்ணுக்கு வந்தபோது நான் புட்டிகளைப் பார்த்தேன். வடித்ததை விடக் குறைவாகத்தான் உள்ளே போயிருந்தது. இரண்டு பக்கமும். இத்தனை வருடம் வாயு இருக்க வேண்டிய இடத்தில் உட்கார்ந்திருந்த திரவம் அந்த மிச்சம்தான். ரிசர்வ் பாங்க் ஆடிட்டர் வந்தால்கூட இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

இடையில் ஒரு இளைஞனைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதே தெருவில் எம்.ஜி.எஃப். வைத்திருந்தான். கார் தரையோடு தரையாக இருந்தால் அழகு என்று திரவத்தைக் கொஞ்சம் வெளியே விட்டுவிட்டான். ஐந்து பைசா செலவில்லை. இரண்டு மாதத்தில் பின் டயர்கள் உள்பக்கம் நூல் தெரியத் தேய்ந்துவிட்டன. கார் தாழும்போது சக்கரம் சாய்கிறது, வெளியே இருந்து பார்த்தால் டயர் புதுசு மாதிரியே இருக்கும். உயரம் குறைத்தே ஆக வேண்டும் என்றால் திரவத்தின் அளவைத் தொடாமல், இடையிலிருக்கும் இணைப்புத் துண்டைச் சின்னதாக மாற்றிக் குறைக்கிற வழி இருக்கிறது, சக்கரத்தின் சாய்வையும் அப்போதே சரிபார்க்க வேண்டும். பெரியவர் அவனுக்கு அதைச் சொன்னார். அவன் கேட்டானா என்று தெரிவதற்குள் என் விசா முடிந்துவிட்டது.

மெட்ரோவின் முதல் ஓட்டத்துக்கு அந்த அம்மா முன்சீட்டில், நான் பின்சீட்டில். தெருமுனையில் ஒரு மேன்ஹோல் மூடி கொஞ்சம் பள்ளமாக இருக்கும். பெரியவர் வேண்டுமென்றே அதன் மேல் ஏற்றினார். அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை, ஜன்னல் வழியாக வேறெதையோ பார்த்துக்கொண்டிருந்தார். அவர் திரும்பிப் போய் மறுபடி ஏற்றினார். "ஒருமுறை போதும், டயர் தேயும்" என்றார் அந்த அம்மா.

கூட்டத்தில் இரண்டு கேள்விகள் வந்தன, பதிலையும் இங்கே சேர்த்துவிடுகிறேன்.

நம் ஊரில் இந்த மாதிரிக் கார் இருக்கிறதா என்று ஏ பிளாக் மேடம் கேட்டார். சிட்ரோயன் 2021-ல் இந்தியாவுக்கு வந்து முதலில் விற்ற சி5 ஏர்கிராஸ் நம் திருவள்ளூர் ஆலையில்தான் பூட்டப்பட்டது. அதன் சொகுசைப் பற்றி நிறையச் சொல்வார்கள். ஆனால் அதில் வாயு உருண்டை கிடையாது. சாதாரண சுருள் ஸ்பிரிங், ஷாக் அப்சார்பருக்குள் கூடுதலாக ஹைட்ராலிக் தடுப்பு, அவ்வளவுதான். பழைய உருண்டை ஏற்பாட்டை அந்த நிறுவனம் 2017-ல் சி5 காரோடு நிறுத்திவிட்டது.

பேஸ்மென்ட்டில் இப்படி ஏதாவது பழைய காரை வைத்துச் செய்யலாமா என்று சி பிளாக் தம்பி கேட்டார். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. கழற்றி, சுத்தம் செய்து, அதே மாதிரி பொருத்துவது வேறு விஷயம். செயலாளரிடம் சொல்லிவிட்டு, உங்கள் பார்க்கிங் கோட்டுக்குள், நல்ல ஸ்டாண்டு வைத்துச் செய்யுங்கள், நானும் வந்து ஸ்டூல் போட்டு உட்காருகிறேன். நைட்ரஜன் சிலிண்டர் கீழே இறங்க வேண்டும் என்று அனுமதி கேட்டால் மட்டும் கமிட்டியில் என் ஓட்டு எதிராகத்தான் விழும். நமக்கும் சுவர் பொது. புட்டியும் மார்க்கர் பேனாவும் வேண்டுமானால் என்னிடம் வாங்கிக்கொள்ளலாம்.